கொதிநீர்ப் பரணி

மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து கேரிங்டன் வீதியில் பாயிண்ட் செவாலியர் பக்கமாக நடந்தால் இடது கைப்பக்கம் பழைய செங்கல் கட்டடம் ஒன்று வரும். 1867இல் மனநோயாளர் காப்பகமாகத் திறக்கப்பட்டது. இன்று அந்த வளாகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நிலத்தின் ஒரு பகுதியில் வீடுகள் எழுந்துகொண்டிருக்கின்றன. வேலைக்குப் போகும் பேருந்தில் பல ஆண்டுகளாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். முதலாம் உலகப் போரைப் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட மிகச் சிறந்த புத்தகங்களில் ஒன்று அங்கே எழுதப்பட்டது என்று எனக்கு நெடுநாள் தெரியாது.

அதை எழுதியவர் ராபின் ஹைட். இயற்பெயர் ஐரிஸ் வில்கின்சன். இறந்து பிறந்த தன் முதல் குழந்தைக்கு வைத்த பெயரையே புனைபெயராக எடுத்துக்கொண்டவர். பத்திரிகையாளர், கவிஞர். 1933இல் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டு, அந்த ஆண்டின் இறுதியில் இந்த மருத்துவமனையைச் சேர்ந்த கிரே லாட்ஜில் தானாக விரும்பிச் சேர்ந்தார். 1937 வரை அங்கேயே தங்கினார். அங்கே அவருக்கு எழுதுவதற்கென்று ஓர் அறை கிடைத்தது. 1936இல் லண்டனில் வெளியான ‘பாஸ்போர்ட் டு ஹெல்’, அதாவது ‘நரகத்துக்குக் கடவுச்சீட்டு’, அந்தக் காலத்தில் எழுதியது. ஜேம்ஸ் டக்ளஸ் ஸ்டார்க் என்ற நியூசிலாந்துச் சிப்பாய் தன் வாயால் சொன்ன கதையை வைத்து எழுதிய நாவல். எழுதியபோது ஹைட் ஒரு போர்முனையையும் கண்டதில்லை. போர் மூண்டபோது அவருக்கு வயது 8.

இந்தக் கட்டுரை அந்த நாவலைப் பற்றியது. ஆனால் நேராக அதற்குள் போக முடியாது. அந்த நாவலின் மனிதர்களை ஏன் மண்ணுக்குள் இறக்கினார்கள் என்று கேட்டால் பதில் ஓர் இயந்திரம். அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் பின்னால் நின்றவர்கள். அவர்களைப் படித்துவிட்டு ஹைடுக்கு வந்தால்தான் அவர் என்ன செய்தார் என்பது புரியும்.

ஹிராம் மாக்சிம் 1884இல் லண்டனில் செய்துகாட்டிய துப்பாக்கியின் தந்திரம் எளிது. சுடும்போது பின்னுதைக்கும் விசையே வெற்றுக்கோதை வெளியே தள்ளும், அடுத்த ரவையை ஏற்றும், மறுபடி சுடும். விசைவில்லை அழுத்தியபடி இருந்தால் போதும். ஆனால் நிமிடத்துக்கு 500 ரவை ஒரே குழலால் போனால் இரும்பு தாங்காது. ஆகவே குழலைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதில் தண்ணீர் ஊற்றினார்கள். பிரித்தானியப் படை 1912இல் ஏற்றுக்கொண்ட விக்கர்ஸ் துப்பாக்கியில் ஏறத்தாழ 4 லீட்டர் பிடிக்கும். ஜெர்மானியர்களின் மாக்சிமிலும் கிட்டத்தட்ட அதே அளவு. விடாமல் சுட்டால் 600 ரவைக்குள் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். அதன்பின் ஆயிரம் ரவைக்கு ஒரு லீட்டர் வரை ஆவியாகும். ஆவி மேலே எழுந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். அதனால் உறையிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை இழுத்துத் தகரப் பெட்டிக்குள் விட்டார்கள். ஆவி அங்கே குளிர்ந்து மீண்டும் தண்ணீராகும். அதை எடுத்து மீண்டும் ஊற்றலாம். குளிர்காலத்தில் உறைந்துபோகாமல் இருக்கக் கிளிசரின் கலப்பார்கள். 10,000 ரவைக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும்.

ஆறு பேர் கொண்ட குழு. முதலாமவர் சுடுவார், இரண்டாமவர் 250 ரவை கோத்த துணிப்பட்டியைக் கொடுப்பார். மற்றவர்கள் ரவையும் தண்ணீரும் காவுவார்கள். முக்காலியே 20 கிலோவுக்கு மேல்.

அடுப்பும் கெண்டியும் போன்ற ஓர் அமைப்பு இது. எரிபொருள் ரவை, கொதிப்பது தண்ணீர். அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டுக் குடித்த கதை படைவீரர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும். எண்ணெய் நாற்றமடிக்கும் தேநீர். ஜெயங்கொண்டாரைப் படித்தவர்களுக்கு இங்கே வேறொன்று நினைவுக்கு வராமல் போகாது. கலிங்கத்துப்பரணியின் கடைசியில் பேய்கள் போர்க்களத்திலேயே அடுப்புக் கூட்டிக் கூழ் சமைக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அதை வாசித்தபோது மிகைக் கற்பனை என்று சிரித்தோம்.

பரணி என்பதற்கு நம் இலக்கணகாரர்கள் கொடுத்த வரையறை ஒரு கணக்கு: போரில் ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்குப் பாடுவது. கொன்றவன் யார், கொல்லப்பட்டவர் யார் என்பதைவிட எண்ணிக்கை முக்கியம். இயந்திரத் துப்பாக்கியாளர்கள் எழுதிய புத்தகங்களை அடுக்கிவைத்துப் படித்தபோது, 20ஆம் நூற்றாண்டின் பரணிகளைப் படிக்கிறேன் என்றே தோன்றியது.

நியூசிலாந்தில் அந்த வகையின் முதல் நூல், இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவின் அதிகாரபூர்வ வரலாறு. மேஜர் ஜே. எச். லக்ஸ்ஃபோர்டு எழுதி 1923இல் வெளிவந்தது. பிரான்சிலும் பாலஸ்தீனத்திலும் அந்தப் பிரிவு செய்தவற்றின் பதிவு. லக்ஸ்ஃபோர்டு வழக்கறிஞர். பின்னாளில் நீதிபதி. 1953 முதல் 1956 வரை ஆக்லாந்து நகர மேயர். வழக்கறிஞரின் நடை அவருடையது: தேதி, இடம், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, கட்டளை, விளைவு. அவர் பொய் சொல்லவில்லை. ஒரு படைப்பிரிவின் வரலாறு அப்படித்தான் எழுதப்படும். ஆனாலும் அந்த வறட்சிக்குக் காரணம் எழுத்தாளரின் சுபாவம் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். 1917 ஜூனில் மெசீன் தாக்குதலின்போது விக்கர்ஸ் குழுக்கள் தங்கள் படையினரின் தலைக்கு மேலாக, கண்ணுக்குத் தெரியாத நிலங்களை நோக்கிச் சுட்டன. வரைபடம், கோணமானி, கணக்கு அட்டவணை. பீரங்கிக்காரர்களைப் போல. குன்றுக்கு அப்பால் இருக்கும் ஒரு பாதையை இரவு முழுதும் ரவையால் நனைப்பது அவர்களுடைய வேலை. அந்தப் பாதையில் யார் வந்தார்கள், யார் விழுந்தார்கள் என்று சுட்டவருக்குத் தெரிய வழியில்லை. காணாததை அவர் எப்படி எழுதுவார்? அவரிடம் இருந்தது கணக்குத்தான்.

கணக்கு எப்போது காவியமாகிறது என்பதற்கு இன்னொருவர் உதாரணம். கிரஹாம் சீட்டன் ஹட்சிசன், பிரித்தானிய இயந்திரத் துப்பாக்கிப் படை அதிகாரி. 1916 ஆகஸ்ட் 24 அன்று சொம்மில் உள்ள ஹை வுட் காட்டருகே, நூறாவது கம்பனியின் பத்துத் துப்பாக்கிகள் 12 மணி நேரத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் ரவைகளைச் சுட்டன என்று பின்னாளில் அவர் எழுதினார். தண்ணீர்ப் போத்தல்கள் தீர்ந்தன, கடைசியில் சிப்பாய்களின் சிறுநீர் வாளிகளைக்கூடத் துப்பாக்கிக்கு ஊற்றினோம் என்பதும் அவர் சொன்னதே. இந்தக் கதை எத்தனையோ நூல்களில் ஏறிவிட்டது. துப்பாக்கியின் உறுதிக்குச் சான்று என்றால் முதலில் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அந்த நாளின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணிக்கை சரியா தவறா என்பதைவிட வேறொன்று உறுத்துகிறது. பத்து லட்சம் ரவை சுட்ட கதையில் ரவை பட்ட ஒருவர்கூட இல்லை. சிறுநீர் இருக்கிறது, இரத்தம் இல்லை. ஜெயங்கொண்டார்கூட இவ்வளவு சுத்தமாக எழுதவில்லை. அவருடைய களத்தில் பிணங்கள் கிடக்கின்றன, கணவனின் உடலைத் தேடி மனைவியர் வருகிறார்கள்.

லண்டன் ஹைட் பார்க் முனையில் இந்தப் படைப்பிரிவுக்கு 1925இல் எழுப்பிய நினைவுச் சின்னத்திலும் இதே மனநிலை. நடுவில் தாவீதின் வெற்றுடல் சிலை, இருபுறமும் வெண்கலம் பூசிய நிஜ விக்கர்ஸ் துப்பாக்கிகள், அவற்றின் மேல் மலர்வளையம். கீழே விவிலியத்திலிருந்து, சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றதோ பத்தாயிரம் பத்தாயிரமாக என்ற பொருள்படும் வாசகம். அந்தப் பிரிவில் பணியாற்றியவர்கள் ஏறக்குறைய 1,70,500 பேர். அதில் கொல்லப்பட்டவர்களும் காயமுற்றவர்களும் காணாமற்போனவர்களுமாக 62,049. தங்களைத் தாங்களே ‘தற்கொலைச் சங்கம்’ என்று அழைத்துக்கொண்டவர்கள். அவர்களுக்கான அஞ்சலியில், அவர்கள் இறந்ததைவிட அவர்கள் கொன்றதே கல்லில் ஏறியது.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் கோப்பார்ட். 1914இல் 16 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்து விக்கர்ஸ் துப்பாக்கியாளரானவர். 1969இல் முதியவராக அவர் வெளியிட்ட நினைவுநூல், ஒரு தச்சர் தன் உளியைப் பற்றிப் பேசுவதைப்போலத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறது. பேன், பசி, சேறு, சிறுபிள்ளைத்தனம் எல்லாம் அதில் உண்டு. 1916 ஜூலை 2 அன்று, முதல்நாள் தாக்குதலில் விழுந்தவர்கள் முள்கம்பியில் தொங்குவதை அவர் காணும் பக்கங்கள் மறக்கக் கூடியவை அல்ல. முதல்நாளில் மட்டும் பிரித்தானியத் தரப்பில் இறந்தவர்கள் 19,240. ஆனால் அங்கேயும் அவர் பார்ப்பது எதிரியின் துப்பாக்கி தன் ஆட்களுக்குச் செய்ததை. தன் துப்பாக்கி எதிர்ப்பக்கத்தில் செய்ததைப் பார்க்கும் ஒரு பக்கத்தை இந்த வகை நூல்களில் நான் தேடிக்கொண்டே இருந்தேன். அது மிக அரிது.

இன்னொரு மௌனமும் இருக்கிறது, அது இன்னும் பழையது. இந்தத் துப்பாக்கியின் முன்னால் முதலில் விழுந்தவர்கள் ஐரோப்பியர்கள் அல்ல. 1893இல் இன்றைய ஸிம்பாப்வேயில் இண்டபேலே மக்கள். 1898இல் சூடானின் ஒம்துர்மானில் ஒரே காலையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களில் யாரும் ஆங்கிலத்தில் நினைவுநூல் எழுதவில்லை. ஐரோப்பியர் தங்களுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் எதிரெதிரே நிறுத்திவைத்த பிறகுதான் இயந்திரத் துப்பாக்கி உலக இலக்கியத்தின் துயரமானது.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். கலிப்போலியைப் பற்றி இந்த நாட்டில் ஏப்ரல் மாதம் தோறும் பேசுகிறார்கள். ஏப்ரல் 25 விடியலில் மவுண்ட் ஆல்பர்ட்டிலும் பிள்ளைகள் பொப்பிப் பூக் குத்திக்கொண்டு நிற்பார்கள். என் மகளும் நின்றிருக்கிறாள். அன்சாக் கரையில் தண்ணீர் கிடையாது என்றே சொல்லலாம். எகிப்திலிருந்தும் வேறு துறைமுகங்களிலிருந்தும் கப்பலில் வந்து, கரையில் இறக்கி, செங்குத்தான ஓடைகள் வழியே மேலே ஏற்ற வேண்டும். ஏற்றியவர்களில் முக்கியமானவர்கள் இந்தியக் கோவேறு கழுதைப் படையினர். இரவிலே, சுடும் குறிகாரர்களுக்கு நடுவிலே, தகரங்களில் தண்ணீரும் பெட்டிகளில் ரவையும் கட்டிய கழுதைகளை நடத்திக்கொண்டு போனவர்கள். மேலே நியூசிலாந்தின் மாக்சிம்கள். 1915 ஆகஸ்ட் 10 காலை, முஸ்தபா கெமாலின் படைகள் சுனுக் பாயிர் உச்சியிலிருந்து அலையாக இறங்கியபோது, கீழே ‘ஏபெக்ஸ்’ என்ற முனையில் இருந்த நியூசிலாந்து இயந்திரத் துப்பாக்கிகள்தாம் அந்தச் சரிவில் அவர்களைத் தடுத்தன. அந்தத் துப்பாக்கிகளை அமைத்த அதிகாரி ஜெசி வாலிங்ஃபோர்டின் பெயர் வரலாறுகளில் உண்டு. அவை கொதித்த தண்ணீரை மலையேற்றியவர்களின் பெயரைத் தேடினால் படைப்பிரிவின் பெயரோடு நின்றுவிடும். சிப்பாய்க் கடிதங்களில் அவர்கள் அன்பாகவே நினைக்கப்படுகிறார்கள், கழுதைகளோடு சேர்த்து.

இவ்வளவையும் படித்துவிட்டு ஹைடின் நாவலைத் திறந்தால் காற்று மாறுகிறது. தலைப்புப் பக்கத்திலேயே ஸ்டார்கியின் தொழில் சொல்லப்பட்டுவிடுகிறது: குண்டெறிபவர். இயந்திரத் துப்பாக்கிக்கு எதிராகக் காலாட்படை கண்டுபிடித்த கையால் செய்யும் பதில் அது. தவழ்ந்து போ, கைக்கெட்டும் தூரத்துக்குப் போ, எறி. துப்பாக்கியாளர் 2 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கொல்லலாம். குண்டெறிபவருக்கு எதிராளியின் முகம் தெரியும். இந்த வேறுபாடு நாவலின் மொழியையே தீர்மானிக்கிறது என்பது என் வாசிப்பு.

இந்த நாவலில் இயந்திரத் துப்பாக்கி ஒரு பாத்திரமாக நெடுநேரம் நிற்பதில்லை. அது வானிலை போல இருக்கிறது. மனிதர்கள் குனிந்து நடப்பதற்கும், இரவில் மட்டும் வெளியே வருவதற்கும், இறந்தவர்களை எடுத்து வர முடியாமல் விடுவதற்கும் அது காரணம். ஆர்மன்டியேர் பகுதியில் 1916 ஜூலையில் ஒட்டாகோ படையணியினர் நடத்திய இரவுத் தாக்குதல் ஒன்று எதிரியின் சூட்டில் சிதைந்துபோனது வரலாறு. அதிகாரபூர்வ நூல்களில் அது ஒரு தோல்வி, சில வரிகள். ஹைடின் கையில் அது பெயர் சொல்லி அழைக்கப்படும் ஆட்கள் திரும்பி வராத ஓர் இரவு. ரவை எண்ணிக்கை ஒன்றுகூட அவரிடம் இல்லை. அவருக்கு அது தெரியாது, ஸ்டார்கிக்கும் தெரியாது. முன்னால் நிற்பவர் ரவையை எண்ணுவதில்லை.

நாவலின் நெஞ்சில் ஒரு கொலை இருக்கிறது. சரணடைந்துவிட்ட ஜெர்மானியக் கைதி ஒருவரை ஸ்டார்கி குண்டால் கொல்கிறார். 1936இல், பதக்கங்களும் நினைவுத் தூண்களும் நிறைந்த ஒரு நாட்டில், இதை அச்சில் கொண்டுவர ஒரு பெண், அதுவும் மனநோய் மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் துணிந்தார். அவர் மன்னிக்கவுமில்லை, தண்டிக்கவுமில்லை. சொன்னவன் சொன்னதைக் கேட்டு, கேட்டதைத் தப்பவிடாமல் வைத்திருக்கிறார். கொன்றவனே கொலையைப் பார்க்கும் பக்கம் என்று நான் மேலே தேடினேனே, அது இங்கேதான் கிடைத்தது.

புகழ்ந்துகொண்டே போக வேண்டியதில்லை. ஹைடுக்கு அலங்காரம் பிடிக்கும். உரைநடை ஓடிக்கொண்டிருக்கும்போது கவிஞர் குறுக்கே வந்து நிலவையும் பூவையும் வைத்துவிட்டுப் போவார். அதைவிடப் பெரிய குறை, ஸ்டார்கியின் பூர்வீகத்தைக் கையாண்ட விதம். தன் தகப்பன் வட அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர் என்று ஸ்டார்கி சொல்லியிருக்கிறார். அந்த ‘இரத்தத்தை’ வைத்து அவருடைய முரட்டுத்தனத்தையும் வீரத்தையும் விளக்கும் ஆசை ஹைடை விட்டுப் போகவில்லை. அந்தக் காலத்தின் நோய் என்று ஒதுக்கலாம். எனக்கு ஒதுக்க மனமில்லை, ஏனென்றால் அந்த இடங்களில் மட்டும் அவர் கேட்பதை நிறுத்திவிட்டு விளக்கத் தொடங்குகிறார். புத்தகம் வந்தபோது பழைய படைவீரர்கள் சிலர் விவரப் பிழைகளைச் சுட்டினார்கள். அவை இருக்கத்தான் செய்யும். நினைவிலிருந்து சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர்.

ஒப்பிட இன்னொரு ஆக்லாந்து எழுத்தாளர் இருக்கிறார். ஜான் ஏ. லீ, மெசீனில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலையொன்றைக் கைப்பற்றியதற்காகப் பதக்கம் பெற்றவர். 1918இல் இடக்கையை இழந்தவர். பிறகு தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். 1937இல் அவர் எழுதிய ‘சிவிலியன் இண்டூ சோல்ஜர்’ நாவலுக்கு ஹைடிடம் இல்லாத அதிகாரம் இருக்கிறது: நானே அங்கே இருந்தேன். அதிகாரம் இருந்தும், அல்லது இருந்ததாலேயே, அந்த நாவல் வாதாடுகிறது. படை, அரசு, தேவாலயம் எல்லாவற்றையும் குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. நியாயமான வாதம், நல்ல நாவலும்கூட. ஆனால் இரண்டாவது தடவை படிக்க நான் எடுத்தது ஹைடை.

நம் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இதை எழுதி முடிக்க எனக்கு முடியவில்லை. பங்கருக்குள் வளர்ந்த தலைமுறை நான். எங்கள் வீட்டு முற்றத்தில் ‘ட’ வடிவத்தில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டது. ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்: இது ஹெலியிலிருந்து அடிக்கிற ஐம்பது கலிபர், இது முகாமிலிருந்து, இது நம்மவர்களுடையது. அம்மம்மா காதைப் பொத்திக்கொண்டே சரியாகச் சொல்லுவா. எங்கள் போர் இலக்கியத்தின் பெரும்பகுதி அந்தக் காதால் எழுதப்பட்டது. சத்தம் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, இழப்பு இருக்கிறது.

இயக்கங்களின் உள்ளே இருந்தவர்கள் எழுதியதும் குறைவல்ல. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ 1985லேயே வந்துவிட்டது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’, குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’, தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ என்று நீளும் வரிசை. களத்திலிருந்தே எழுதிய மலைமகள் போன்ற பெண்களும் உண்டு. இவற்றில் பயிற்சி இருக்கிறது, தோழமை இருக்கிறது, சந்தேகமும் துரோகமும் சுயவிசாரணையும் இருக்கின்றன. விசைவில்லில் விரல் வைத்திருந்த அந்தச் சில நிமிடங்கள் மட்டும் பெரும்பாலும் தாண்டிச் செல்லப்படுகின்றன. ஒன்று பரணியாகிவிடும், அல்லது மௌனமாகிவிடும். எதிரே விழுந்தவன் மாத்தறையிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வந்த ஒரு விவசாயியின் பிள்ளை என்று நம் புனைவு அறியும். ஆனால் அவன் விழுவதை, விழுத்தியவனின் கண்ணால் பார்க்கத் தயங்குகிறது. எதிர்ப்பக்கத்துக்கும் இதே கேள்வி உண்டு. அதைச் சிங்களத்தில் யாராவது கேட்கட்டும்.

தயக்கத்துக்குக் காரணம் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். எழுதினால் வழக்கு வரும், விசா போகும், ஊரில் இருக்கும் தாய் வீட்டுக்கு ஆள் வரும். ஸ்டார்கிக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. அவர் வென்ற பக்கத்துச் சிப்பாய், கைதியைக் கொன்றதை அச்சில் சொன்ன பிறகும் ஆக்லாந்தில் வறுமையோடுதான் போராட வேண்டியிருந்தது, நீதிமன்றத்தோடு அல்ல. தோற்றவர்களின் இலக்கியத்துக்கு இந்த வசதி இல்லை. ஹைட் செய்ததை நம்மவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்பதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த நகரில் இரவில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிறார். பெயரும் ஊரும் வேண்டாம். அங்கே பி.கே. துப்பாக்கியோடு இருந்தவர். என்னைவிட 10 வயது இளையவர். ஒருமுறை துணிந்து கேட்டேன்.

“தம்பி, அந்த நேரத்திலை என்ன நினைப்பு வரும்?”

“சூடுதான் அண்ணை. வேறென்ன. சுடுகுழல் சிவந்திடும். மாத்தேக்கை கை பொசுங்கும். துணி சுத்தித்தான் பிடிக்கிறது.”

“முன்னுக்கு நிண்ட ஆக்கள்?”

“அதை விடுங்கோ.”

விட்டுவிட்டேன். லக்ஸ்ஃபோர்டு, ஹட்சிசன், கோப்பார்ட் மூவரும் அந்த முதல் பதிலில் இருந்தார்கள்: குழல், சூடு, மாற்றுதல். ஹைட் இருந்திருந்தால் இரண்டாவது பதிலுக்குப் பிறகும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரமும் வந்திருப்பார். ஸ்டார்கியிடமிருந்து ஒரு புத்தகத்துக்கு மேல் கேட்டு வாங்கியவர் அவர். போருக்குப் பிந்திய ஸ்டார்கியின் வேலையில்லாத, சிறை சென்ற ஆண்டுகளைப் பற்றி 1938இல் இன்னொரு நாவலே வந்தது. கேட்பதற்கு அவருக்கு எங்கிருந்து பொறுமை வந்தது என்று யோசித்தால் மீண்டும் அந்தக் கேரிங்டன் வீதிதான். தன்னையும் விளக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும் மருத்துவர்களுக்கும் உறவினருக்கும் நடுவில் வாழ்ந்தவர். விளக்கம் கேட்காமல் ஒருவர் எதிரில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இது என் ஊகம். ஆனால் நாவலின் நல்ல பக்கங்கள் எல்லாவற்றிலும் அந்த இருப்பை உணர முடிகிறது.

பிறகு அவர் போரை நேரிலும் கண்டார். 1938இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் சீனாவில் இறங்கி, ஜப்பானியர் சூசோ நகரைப் பிடித்தபோது உள்ளே அகப்பட்டு, ரயில் பாதை வழியே நடந்து தப்பினார். அதைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். 1939 ஆகஸ்ட் 23 அன்று லண்டனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த போருக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருந்தன.

சென்ற குளிர்காலத்தில் அந்தத் தம்பியோடு ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவருக்கு அன்று வேலை இல்லை, மழை வேறு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விக்கர்ஸ் நின்றது, துடைத்து எண்ணெய் பூசியதுபோலப் பளபளப்பாக. தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டு ஔவையார் சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது: இங்கே இருப்பவை பீலி சூட்டி நெய் பூசிக் காவலில் இருக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்று அந்தப் புறநானூற்றுப் பாட்டில் அவர் சொல்வது. புகழ்ச்சியா ஏளனமா என்று மாணவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.

தம்பி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியை அல்ல, அதன் அடியிலிருந்து தகரப் பெட்டிக்குப் போகும் குழாயை.

“இதென்ன அண்ணை?”

சொன்னேன். தண்ணீர், கொதிப்பு, ஆவி, மறுபடி தண்ணீர்.

“அப்ப தண்ணி ஆர் காவிறது?”

“அதுக்கெண்டு ஆள் இருக்கும்.”

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

“எங்களிட்டையும் ஒரு பெடியன் இருந்தவன்,” என்றார். “தண்ணி காவத்தான். குடிக்கிற தண்ணி.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் பார்வையாளர்களுக்குப் போட்டிருந்த வாங்கில் இருவரும் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து துப்பாக்கியைப் படம் எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பெடியனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.